கேபிள் தின்ற மிச்சம்

ரேடியோ இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் மற்றவர்கள் பயப்படுவார்கள். வசந்தமலருக்கோ அது பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்த மாதிரி. வேனை ஓட்டிக்கொண்டே சிரித்தாள்.

“ஆரோ புகார் குடுத்திருக்கினம். வரட்டும், ராம். அளந்து பாக்கட்டும். எங்கட கணக்கு பிழைக்காது.”

“ஆமாக்கா” என்றான் ராம்பிரசாத். திருச்சிக்காரன். அவளுடைய கம்பெனியில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது.

பாபகூரா என்ற ஊரில் இரண்டு அறைகளில் நடந்த சின்ன இன்டர்நெட் கம்பெனி அது. அங்கிருந்து பக்கத்து ஊரான புக்கெகோஹியில் வெங்காயம் பொதி செய்யும் கொட்டகைக்குக் காற்று வழியாகவே இணைப்பு கொடுத்திருந்தார்கள். 1998இல் இதைச் சொன்னால் பாதிப்பேர் நம்பமாட்டார்கள். அந்த அலைவரிசைக்கு லைசென்ஸ் தேவையில்லை. இலவசம் என்பதற்காக இஷ்டத்துக்குக் கத்தவும் முடியாது. ஆண்டெனாவை விட்டு வெளியே போகும் சக்திக்கு அரசாங்கம் ஒரு வரம்பு வைத்திருந்தது.

“கீழ ரேடியோப் பெட்டிக்குள்ள சக்தியைக் கூட்டுற பூஸ்டர் இருக்குத்தான். ஆனா கூரைக்குப் போற நீளக் கேபிள் அந்தச் சக்தியில முக்கால்வாசியத் திண்டுடும். மிச்சம்தான் வெளிய போறது, அது வரம்புக்குள்ள. இதை அவருக்கு விளங்கப்படுத்தினாச் சரி.”

ராம்பிரசாத்தின் முகத்தில் ஈயாடவில்லை.

அந்த நீளக் கேபிள் இப்போது அங்கே இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை யாரும் கேட்காமலேயே தனியாகப் போய், பெட்டியைக் கூரைக் கம்பத்துக்கு மாற்றி, கேபிளைத் தூக்கிவிட்டு, அரைக் கை நீளத்தில் ஒரு துண்டு போட்டிருந்தான். வேலை சுத்தம். தின்னக் கேபிள் இல்லாததால் சக்தி முழுவதும் வரம்பைத் தாண்டி வெளியே போனது; சிக்னல் பிய்த்துக்கொண்டு வந்தது. கொட்டகை மேனேஜர் முதுகில் தட்டினார். அப்போதே பூஸ்டரைக் கழற்றியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். தட்டு வாங்கிய முதுகுக்கு அந்த யோசனை வரவில்லை. அக்காவை ஒரு நாள் அசத்த வேண்டும் என்று சொல்லாமலும் வைத்திருந்தான்.

நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்கு அவன் போட்ட விண்ணப்பம் இமிக்ரேஷன் ஆபீஸில் கிடந்தது. அது கிடைத்தால்தான் மனைவி ஸ்ருதியும் குழந்தையும் திருச்சியிலிருந்து வர முடியும். மகள் பிறந்ததிலிருந்து அவளை அவன் போட்டோவில்தான் பார்க்கிறான். இந்த நேரத்தில் பெயரில் ஒரு வழக்கு விழுந்தால் அவ்வளவுதான்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். வேன் கொட்டகை வாசலுக்குள் திரும்பியது. இன்ஸ்பெக்டரின் வண்டி இன்னும் வரவில்லை.

“கனெக்டர்ல தண்ணி இறங்கியிருக்கான்னு பாத்துட்டு வந்துடறேன்க்கா” என்றான்.

ஈரக் கூரையில் கால் வழுக்கியது. பெட்டியைத் திறந்து ஸ்பேனரைப் போட்டால் நட்டு அசைய மறுத்தது. ஞாயிற்றுக்கிழமை அவனே முறுக்கிய முறுக்கு. கீழே சாலையில் ஒரு வெள்ளை வண்டி வேகம் குறைத்தது. கடைசியில் நட்டு இளகியது. பூஸ்டரைப் பிடுங்கி ஜாக்கெட்டின் உள்பைக்குள் திணித்தான். துண்டுக் கேபிளை நேராக ரேடியோவில் சொருகிவிட்டு இறங்கினான். பூஸ்டர் அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல்லாகக் கொதித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

இன்ஸ்பெக்டர் கிரெய்க் நிதானமான மனிதர். கூடவே புகார் கொடுத்தவரும் வந்திருந்தார்: அடுத்த தோட்டத்து குர்தீப் சிங். கண்ணாடிக் குடிலில் தக்காளி நாற்று வைத்திருந்தார். குளிர் இறங்கினால் வீட்டில் மணி அடிக்க, அவரே அதே அலைவரிசையில் ஒரு சின்ன ரேடியோ பூட்டியிருந்தார். அது ஊமையாகி, இரண்டு இரவு உறைபனியில் பாதி நாற்று கருகிவிட்டது.

கிரெய்க் கருவியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் அங்கேயும் இங்கேயும் நடந்தார்.

“வரம்புக்குள்தான் இருக்கிறது” என்றார் கடைசியில்.

வசந்தமலர் ராம்பிரசாத்தைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். பார்த்தீரா என்று கேட்கும் பெருமை அதில் இருந்தது.

“அப்படியென்றால் கோளாறு உங்கள் கருவியில்தான், மிஸ்டர் சிங். வீட்டில் செய்தது. அதை நான் சீல் வைக்க வேண்டியிருக்கும்” என்றார் கிரெய்க்.

“ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் நன்றாக வேலை செய்ததே!” குர்தீப்பின் குரல் உடைந்தது. “அன்றைக்கு இவர்கள் ஏதோ செய்திருக்கிறார்கள்.”

“எங்கள் பக்கம் எட்டு மாதமாக எதையும் மாற்றவில்லை” என்றாள் வசந்தமலர் ஆங்கிலத்தில். “அதற்கு நான் பொறுப்பு.”

ராம்பிரசாத்தின் நெஞ்சுக்குள் ஏதோ அறுந்தது. அவள் பொய் சொல்லிப் பழகாதவள். அவளைப் பொய் சொல்ல வைத்துவிட்டு, பாவப்பட்ட ஒருத்தரின் நாற்றையும் கருகவிட்டு, தான் மட்டும் மகளைத் தூக்கிக் கொஞ்சுவதா?

ஜாக்கெட்டுக்குள் கையை விட்டான். பூஸ்டரை எடுத்து வண்டியின் பானெட்டில் வைத்தான். மழைத்துளி பட்டு அதிலிருந்து ஆவி எழுந்தது.

“இது மேல இருந்துச்சு. கேபிளை மாத்தினது நான்தான்” என்றான், ஆங்கிலமும் தமிழும் கலந்து.

குர்தீப் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார். கிரெய்க் பூஸ்டரைப் பைக்குள் போட்டு முத்திரை வைத்தார். அபராதமா வழக்கா என்பதை மேலிடம்தான் முடிவு செய்யும் என்றார். பிறகு பேனாவைத் திறந்தார். “யார் பெயரை எழுத?”

“ராம்பிர…”

“வாயை மூடும்” என்றாள் வசந்தமலர் தமிழில். கிரெய்க் பக்கம் திரும்பினாள். “கம்பெனி என்னுடையது. கருவியை இயக்குவதும் நான்தான். என் பெயரை எழுதுங்கள்.”

அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சட்டப்படி அது சரிதான். எழுதிக்கொண்டார்.

திரும்பும் வழியில் ட்ரூரி ஊர் வந்தது. அவன்தான் பொறுக்கமாட்டாமல் தொடங்கினான்.

“அக்கா, ஏன் இப்படிச் செஞ்சீங்க?”

“போன வருஷம் எனக்கு சிட்டிசன்ஷிப் கிடைச்சிட்டுது. என்னை ஒருத்தரும் திருப்பி அனுப்ப ஏலாது. உம்மை அனுப்பலாம்.”

அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “என்னை மன்னிச்சிடுங்க. கேபிளை மாத்தினது தப்புதான்…”

“கேபிள் மாத்தினதில எனக்குக் கோவமில்லை. ஆர்வக்கோளாறு. நானும் உப்பிடிச் செய்திருப்பன்.” அவள் சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “அதைப் பொக்கற்றுக்குள்ள வைச்சுக்கொண்டு, நான் சிரிக்கச் சிரிக்க என்னைப் பாத்துக்கொண்டு நிண்டீர் பாரும். அதை எப்பிடி மறக்கிறது எண்டுதான் எனக்குத் தெரியேல்லை.”

பூஸ்டர் சுட்ட விலா எரிந்தது. பாபகூரா வந்ததும் இறங்கி, அவள் பின்கதவைத் திறக்கும் முன் வேன் மேலிருந்த ஏணியைத் தானே இறக்கி வைத்தான். எப்போதும் சொல்லும் நன்றியை அவள் சொல்லவில்லை.