ஒரு கை கூடுதல்

இந்த மனிதர் இன்னொரு முறை ‘வித்தியாசம்’ என்று சொன்னால் நான் எழுந்து போய்விடுவேன். எங்கே போவேன் என்று தெரியவில்லை. வராந்தாவில் போய் நின்றுவிட்டுத் திரும்பி வருவேன், அவ்வளவுதான். ஆனாலும் போய்விடுவேன் என்று நினைத்துக்கொண்டாள்.

“அப்ப இந்த வித்தியாசத்த என்ன பண்றது மேடம்?” என்றார், மென்பொருளை இணைக்க வந்திருந்தவர்.

அவள் எழுந்திருக்கவில்லை. பேனா மூடியைக் கழற்றினாள், மாட்டினாள், மறுபடி கழற்றினாள்.

தம்பியின் தொழிற்சாலையில் குழாய்களுக்கும் பம்புகளுக்கும் ரப்பர் வாஷர் செய்தார்கள். பன்னிரண்டு வருடமாகக் கணக்கு அவள் பொறுப்பு. அவளுடைய கணினிக்குத் தெரிந்ததெல்லாம் விற்ற பைகள் மட்டும்தான். ஒரு பைக்கு ஐந்நூறு வாஷர். கீழே இயந்திரங்களோடு போன வருடம் இன்னொரு மென்பொருள் வந்தது. அச்சிலிருந்து விழுகிற வாஷரை அது ஒவ்வொன்றாக எண்ணும். இரண்டுக்கும் இடையில் இருந்த ஒரே பாலம், தினமும் சாயங்காலம் கீழேயிருந்து வரும் ஒரு சீட்டு. அதைப் பார்த்து அவள் தட்டச்சு செய்வாள். இப்போது இரண்டையும் நேரடியாக இணைத்தாயிற்று. இணைந்ததும் அவை சொன்ன முதல் செய்தி: ஒரு வருடத்தில் செய்ததில் நாற்பத்து மூவாயிரத்து எழுநூறு வாஷர் விற்கவும் இல்லை, கிடங்கிலும் இல்லை.

“கழிவ எடை போட்டுப் பாத்தாச்சு. அது சரியா இருக்கு. மிச்சம் இந்தக் கட்டத்துல ஒரு காரணம் போட்டாகணும். இல்லன்னா திங்கக்கிழமை ஓடாது.”

கட்டத்தைத் திறந்து காட்டினார். கழிவு. சேதம். கையாடல். பக்கத்தில் பொறுப்பாளர் பெயருக்கு ஓர் இடம்.

வாசலில் நின்றிருந்த தம்பி, “மூணாவதுதான்,” என்றான். “பேக்கிங் தாண்டி எதுவும் வெளிய போக வழியில்ல. முடிச்சண்ணன் பேரப் போடுங்க.”

பேக்கிங் மேற்பார்வையாளருக்கு முடிச்சு என்று பெயர் வைத்தது கீழே இருப்பவர்கள்தான். அவர் போட்ட முடிச்சை யாராலும் அவிழ்க்க முடியாது, வெட்டத்தான் வேண்டும். அவளுக்கு அவரைப் பிடிக்காது. சீட்டை எப்போதும் கசக்கித்தான் அனுப்புவார். ஆனாலும் அந்த மூன்றாவது சொல்லை அவளால் அவரோடு பொருத்த முடியவில்லை. எழுந்து தண்ணீர் குடித்தாள். தாகம் இல்லை. இன்னொரு டம்ளர் குடித்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் படியிறங்கினாள்.

“அடேயப்பா, கணக்கம்மா கீழ வந்துட்டாங்க! மழ வரப்போகுது, துணியெல்லாம் எடுத்துடுங்க,” என்றார் முடிச்சு. தராசின் முன்னால் உட்கார்ந்திருந்த பெண் சிரித்தாள்.

“சும்மாதான்ணே. பாக்கலாம்னு.”

அந்தப் பெண் பையைத் தராசில் வைத்து வாஷர்களைக் கொட்டினாள். ஐந்நூறுக்குரிய எடை வந்ததும் நிறுத்தினாள். பையை இறக்கினாள். பிறகு குவியலுக்குள் கையை விட்டு ஒரு கை அள்ளிப் பையில் போட்டு, முடிச்சிடம் தள்ளினாள். அடுத்த பைக்கும் அப்படியே செய்தாள். மூச்சு விடுவதைப் போல, கவனமே இல்லாமல்.

“அது எதுக்கு?”

“எதுக்கா?” முடிச்சு நிமிர்ந்தார். “நல்லாக் கேட்டீங்க போங்க. நீங்கதானே சொன்னீங்க!”

“நானா?”

“பின்ன? அந்தப் பம்புக் கம்பெனிக்காரன் பைக்கு நாலு கொறையுது அஞ்சு கொறையுதுன்னு குதிச்சான்ல? மேலேர்ந்து போன்ல கத்துனீங்களே. ‘எண்ணிக்கிட்டு இருக்காதீங்க, ஒரு கை கூடப் போட்டு அனுப்புங்க’ன்னு.”

“அது அந்த லோடுக்கு மட்டும்தான்ணே.”

“அப்படிச் சொல்லலையே. நிறுத்துங்கன்னும் சொல்லல. ஏழு வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம் எவனாவது கொறையுதுன்னு வாயத் தொறந்தானா?”

யாரும் திறக்கவில்லை. அது அவளுக்கு நன்றாகவே தெரியும். அந்த வருடத்திலிருந்து குறை சொல்லி ஒரு கடிதமும் வராததை, தன் கணக்கின் சுத்தத்துக்குக் கிடைத்த பரிசாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அப்படிச் சொன்னது நினைவில் இல்லை. சொல்லியிருக்கக்கூடிய குரல் மட்டும் நினைவிருந்தது. ஒரு காதில் வாடிக்கையாளர், இன்னொரு காதில் கீழ்த்தளம், நடுவில் எதையாவது சொல்லி இரண்டையும் வாய் மூட வைக்கத் துடிக்கிற குரல்.

குவியலில் கையை விட்டு அள்ளினாள். எண்ணினாள். இருபத்து மூன்று.

“உங்க கை பெருசுக்கா,” என்றாள் அந்தப் பெண். “எனக்குப் பத்தொம்பதுதான் வரும்.”

வருடத்துக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் பை. பெருக்கிப் பார்க்கக் கணினி தேவைப்படவில்லை.

“என்னம்மா, மேல ஏதாவது தகராறா?” முடிச்சின் குரல் இறங்கியிருந்தது.

“ஒண்ணுமில்லண்ணே,” என்றாள். சொல்லும்போதே, அந்தப் பொய் தனக்கு இவ்வளவு சுலபமாக வந்தது அவளுக்குப் பிடிக்கவில்லை.

அவள் மேலே வந்தபோது மென்பொருள்காரர் சாப்பிடப் போயிருந்தார். தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினான்.

“வேற யார்கிட்டயாவது சொன்னியா?”

“இல்ல.”

“நல்லதாப் போச்சு. இதோட விட்டுடுக்கா.”

“எதை விடறது? அந்தாளு எடுக்கவே இல்லப்பா.”

“மூணு மணிக்கு மச்சான் வர்றாரு.” அவன் மனைவியின் அண்ணன், தொழிலில் பாதிப் பங்கு அவருடையது. “ரெண்டையும் இணைச்சாச்சுன்னா கணக்குக்குத் தனியா ஒரு ஆள் எதுக்குன்னு இப்பவே நோண்டிக்கிட்டு இருக்காரு. இந்த நேரத்துல, ஏழு வருஷமா நாந்தான் அள்ளிக் குடுக்கச் சொன்னேன்னு நீ போய் நின்னா? எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உன்னை நான் இங்க வச்சுக்கறது?”

“அவரு?”

“போலீஸுக்கா போகப் போறோம்? ரெண்டு மாசச் சம்பளம் குடுத்து அனுப்பிடறேன். அவருக்கு வேற இடம் கிடைக்கும். உனக்குக் கிடைக்குமா? சொல்லு.”

கிடைக்காது. நாற்பத்தொன்பது வயதில் யார் கூப்பிடுவார்கள்? அவன் மிரட்டவில்லை, அவன் குரலில் உண்மையான கவலை இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. ஜன்னல் வரை நடந்தாள். திரும்பினாள். முடிச்சு அவளை மதித்ததில்லை. இந்த அறையில் உட்கார்ந்து விரலால் பிழைக்கிறவள் என்று சொல்லியிருக்கிறார், அவள் காதுபடவே. அந்தப் பழைய கோபத்தைத் தேடிப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அது வந்தது, ஆனால் துணைக்கு நிற்கவில்லை. கையாடல் என்று பெயருக்குப் பக்கத்தில் எழுதப்பட்டவரை எந்தத் தொழிற்சாலை உள்ளே விடும்? இதை யோசித்துக்கொண்டே இன்னொன்றையும் யோசித்தாள். மூன்று மணிக்குப் பிறகும் இந்த நாற்காலி தன்னுடையதாகவே இருந்தால் எவ்வளவு நிம்மதி. அப்படி யோசித்ததற்காக அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடுதான் யோசித்தாள், ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

தம்பி மேசைக்குக் குனிந்து, தானே காரணத்தைத் தேர்ந்தெடுத்தான். பெயரையும் அடித்தான். திரை அடுத்ததற்காகக் காத்திருந்தது. இருப்புக் கணக்கை உறுதி செய்யும் கடவுச்சொல் அவளிடம் மட்டும்தான் இருந்தது.

“உக்காருக்கா.” நாற்காலியை இழுத்துப் போட்டான். “பாஸ்வேர்ட மட்டும் போடு. மத்தத நான் பாத்துக்கறேன்.”

உட்கார்ந்தாள். விரல்கள் பழக்கத்தில் விசைப்பலகைக்குப் போயின. முதல் எழுத்து விழுந்தது. ஒரு கறுப்புப் புள்ளியாக. அதைப் பார்த்தாள். அழித்தாள்.

“அக்கா, மணி ரெண்டே முக்கால்.”

“தெரியுது.”

“எல்லாம் உனக்காகத்தான்.”

“அதுவும் தெரியுதுப்பா,” என்றாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். “நான் போட மாட்டேன்.”