ஆரஞ்சுத் தோல் வாசனை

தோல்கள் கொதிக்கத் தொடங்கிய பிறகுதான் பாவே நாத்தனாருக்குப் போன் செய்தாள்.

"தேசா, உங்க அண்ணன் போயிட்டான்."

பாவே போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, மரக்கரண்டியால் பாத்திரத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"எப்ப?"

"மணி அடிச்சப்ப."

அன்று மெழுகுவர்த்தித் திருநாள். மறுநாள் தொண்டை நோய் தீர்க்கும் புனித விலாஹோவின் திருவிழா. உச்சிப்பொழுதில் துப்ரோவ்னிக் பேராலயத்து வாசலில் புறாக்களைப் பறக்கவிட்டு, எல்லா மணிகளையும் ஒருசேர அடிப்பார்கள். அந்தச் சத்தத்தில் அடுத்த அறையில் ஒருவன் கூப்பிட்டாலும் கேட்காது. கூப்பிட்டானா இல்லையா என்பது பாவேக்குத் தெரியாது. அப்போது அவள் சமையலறைக் குழாயடியில் நின்றிருந்தாள்.

ஊரில் பாதி ஆண்களுக்கு விலாஹோ என்றுதான் பெயர். திருவிழாவன்று அந்தப் பெயர்க்காரன் வீட்டுக் கதவு திறந்தே இருக்கும். அழைக்காமலே ஆட்கள் வருவார்கள். வந்தவர்களுக்குச் சிறு கிண்ணத்தில் அரஞ்சினி. கசப்பு ஆரஞ்சின் தோலைக் கீற்றுக்கீற்றாக நறுக்கி, தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, தினமும் தண்ணீர் மாற்றி, கடைசியில் சர்க்கரை பூத்து வரும்வரை காய்ச்சுவது. எல்லா வீட்டிலும் பெண்கள் செய்வார்கள். இந்த வீட்டில் மட்டும் பாவேயின் கணவன் விலாஹோ செய்வான். தீவுப் படகுகளில் எஞ்சின் பார்த்த கை. யாரையும் அடுப்பருகே விடமாட்டான்.

அவன் செய்தது கசக்கும். தண்ணீரை அவன் போதுமான தடவை மாற்றியதே இல்லை.

"கசப்பையெல்லாம் கழுவிட்டா மிச்சம் என்னடி இருக்கும்? காகிதந்தான்" என்பான். விருந்தாளிகள் ஒரு துண்டை வாயில் போட்டு, முகம் சுளிக்காமல் இருக்கப் பாடுபட்டு, இன்னொன்றைக் கையில் எடுத்துப் பையில் போட்டுக்கொள்வார்கள். அத்தனை வருடமும் பாவே அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். பையில் போன துண்டெல்லாம் தன் மானம் என்றே அவளுக்குத் தோன்றும்.

இந்த வருடம் அவன் படுக்கையில். முதல்முறையாக அடுப்பு அவளுடையது. தோல்களை அவளே நறுக்கினாள், அவளே ஊறப்போட்டாள். காலை முடியும் நேரத்தில் அவன் கட்டிலிலிருந்து கேட்டான்:

"அடுப்புல வச்சிட்டியா?"

இன்னும் ஒரு தண்ணீர் மாற்றினால் கசப்பு சுத்தமாகப் போய்விடும் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். மாலையில் காய்ச்சினால் போதும். அதைச் சொன்னால் சண்டை வரும். சண்டை போட அவனிடம் மூச்சு இல்லை.

"வச்சாச்சு, வச்சாச்சு."

அவன் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "வாசனை வரலையே, பாவே."

"கதவு சாத்தியிருக்கு. எப்படி வரும்?"

கதவு பாதி திறந்துதான் இருந்தது. அவன் படுத்திருந்த இடத்திலிருந்து அது தெரியும். கீல் தளர்ந்த அந்தக் கதவையே அவன் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். எஞ்சின் அறையின் டீசல் புகைக்குள் இருந்துகொண்டே, மேல்தட்டில் யார் பையில் மீன் இருக்கிறது என்று சொல்லிப் பந்தயம் ஜெயித்தவன் அவன்.

"அப்போ மூக்கும் போயிடுச்சு" என்றான். கடைசிப் பேருந்து போய்விட்டது என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னான்.

பாவே கையில் ஈரத் தோல்களோடு நின்றாள். இப்போதே வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். இந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஒரே ஒரு அலசு அலசிவிட்டு... குழாயைத் திறந்தாள். மணிகள் தொடங்கின. மணிகள் ஓய்ந்து, கையைத் துடைத்துக்கொண்டு அவள் போனபோது, அவன் முகம் கதவுப் பக்கமாகத் திரும்பியிருந்தது.

அவன் கண்களை அவள் மூடிவிட்டாள். தாடையைக் கைக்குட்டையால் கட்டினாள். பிறகு சமையலறைக்கு வந்து, பிடித்து வைத்த புதுத் தண்ணீரை அப்படியே கவிழ்த்துவிட்டு, தோல்களைப் பாத்திரத்தில் போட்டு அடுப்பை மூட்டினாள்.

தேசா படியேறி வந்தபோது பின்னங்கழுத்தெல்லாம் வியர்வை. அண்ணன் நெற்றியில் முத்தமிட்டு, பக்கத்தில் முழங்காலிட்டு அழுதாள். எழுந்து, சாவு வீட்டு வழக்கப்படி நிலைக்கண்ணாடியைத் துணியால் மூடினாள். அப்புறந்தான் அவளுக்கு வாசனை உறைத்தது.

"என்னடி இது?"

"அரஞ்சினி."

"அங்க என் அண்ணன் கிடக்கிறான், இங்க நீ பலகாரம் பண்றியா? டாக்டருக்குச் சொன்னியா? சாமியாருக்கு?"

"நீ சொல்லு. எனக்குக் கை ஒழியல."

"கை ஒழியலயா! ஊரு காறித் துப்பும் பாவே. அணை முதல்ல."

"சர்க்கரை இறுகுற நேரம். இப்ப விட்டா அடிபிடிச்சிடும்."

தேசா அடுப்புத் திருகை நோக்கிக் கையை நீட்டினாள். பாவே அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடி வலித்திருக்கும்.

"அவன் கேட்டான்" என்றாள் பாவே.

தேசாவின் முகம் இளகியது. "எப்ப கேட்டான்?"

"காலையில."

"காலையிலயே கேட்டான்னா அப்பவே வச்சிருக்கக் கூடாதா? பாவம், அவனுக்கு அந்த வாசனைன்னா உசிரு."

பாவே மணிக்கட்டை விட்டுவிட்டாள். திரும்பிக் கரண்டியால் பாத்திரத்தின் அடியைச் சுரண்டினாள்.

தேசா கட்டிலறைக்குப் போய், ஆத்மா போவதற்காகச் சன்னலை விரியத் திறந்தாள். குளிர்ந்த காற்று உள்ளே வந்தது. வீட்டுக்குள் நிறைந்திருந்த வாசனையெல்லாம் வெளியே போனது.

கீழே படிக்கட்டுச் சந்தில் யாரோ நின்றார்கள்.

"டேய் விலாஹோ!"

முடிதிருத்தும் லூக்கோ. கீழ்வீட்டுக்காரன், விலாஹோவோடு பள்ளிக்கூட நாளிலிருந்து சண்டை போடுகிறவன்.

"எழுந்துட்டியாடா கிழவா? போன வருஷம் குடுத்ததே இன்னும் என் கோட்டுப் பையில கிடக்கு. நாய்கூட மோந்து பாத்துட்டுப் போயிடுச்சு!"

எதிர்வீட்டுச் சன்னலிலிருந்து ஒரு பெண்குரல்: "நாளைக்கு சாமியார் நம்ம தொண்டைய ஆசீர்வாதம் பண்ணட்டும் லூக்கோ, அப்புறம் தின்னு. புனிதர் காப்பாத்துவாரு!"

"புனிதரே இவன் வீட்டுப் பக்கம் வரமாட்டாரு!"

இருவரும் சிரித்தார்கள். தேசா வாயைப் பொத்திக்கொண்டு சன்னலை நோக்கிப் பாய்ந்தாள். கையில் கரண்டியோடு பாவே அறை வாசலில் வந்து நின்றிருந்தாள்.

"சொல்லாத."

"பாவே, அவங்களுக்குத் தெரியாது..."

"இரு."

சந்திலிருந்து லூக்கோ மறுபடி கத்தினான்: "காது கேக்கலயாடா? வாசனை தெருமுனை வரைக்கும் வருதுடா! இரு, ஒயின் எடுத்துட்டு மேல வரேன்!"

பாவே உள்ளே வந்து கட்டிலைப் பார்த்தாள். கைக்குட்டை முடிச்சு தலையுச்சியில் முயல்காதுபோல நின்றிருந்தது.

சன்னல் காற்றில் அறைக் கதவு படாரென்று அறைந்து சாத்திக்கொண்டது. கரண்டியிலிருந்து பாகு ஒரு சொட்டு தரையில் விழுந்தது.

கீழே லூக்கோ வீட்டுக் கதவு திறக்கும் சத்தம், பாட்டில்கள் உரசும் சத்தம், பிறகு படியில் அவன் செருப்புச் சத்தம். "நான் போய் நடுப்படியிலயே சொல்லிடறேன்" என்று தேசா வெளியே ஓடினாள். அவள் போனதும் கதவு மறுபடி சாத்திக்கொண்டது.

பாவே வெளியே போய், ஒரு கையால் சாப்பாட்டு மேசையின் நாற்காலியை இழுத்து வந்தாள். கட்டிலறைக் கதவைச் சுவர்வரை தள்ளி, நாற்காலியை முட்டுக் கொடுத்தாள். காற்று ஒருமுறை இழுத்துப் பார்த்தது, கதவு அசையவில்லை. இருந்தும் முழங்காலால் இன்னும் கொஞ்சம் நெட்டிவிட்டு, அடுப்படிக்குத் திரும்பிக் கிண்டத் தொடங்கினாள்.