பத்து மணிச் சாவு

வாருங்கள், உள்ளே வந்து உங்கள் கண்ணாலேயே பாருங்கள். பார்த்த பிறகு, எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று கையை உதறிவிட்டுப் போகாதீர்கள். கட்டிலில் ஒரு மனிதர் படுத்திருக்கிறார். அவருடைய மகள் தேக்கரண்டியால் அவர் வாயில் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறாள். பாதி உள்ளே போகிறது. பாதி கன்னத்தில் வழிகிறது. சுவருக்கு அந்தப் பக்கம், கூடத்துத் தொலைக்காட்சியில், அதே மனிதர் நீலக் கோட்டு அணிந்து நின்று, "அன்பு நெஞ்சங்களே! நான் செத்துப்போயிட்டேன்!" என்று சொல்லிச் சிரிக்கிறார்.

மணி பத்து. மகளின் கை அப்படியே நின்றது. படுத்திருந்தவர் கண்ணைத் திறந்தார்.

"யாரு பாப்பா அது, என்னை மாதிரியே பேசுறான்?"

"நீங்கதாம்ப்பா."

"நல்லாத்தான் பண்றான்."

மக்கள் அவரைப் பம்பரம் என்று அழைத்தார்கள். பாடுவார், ஆடுவார், ஒன்பது குரலில் பேசுவார், எரியும் பந்தங்களை வீசிப் பிடித்துக்கொண்டே நகைச்சுவை சொல்வார். இருபத்திரண்டு ஆண்டுகள் ஞாயிறுதோறும் அவர் நடத்திய நிகழ்ச்சியின் பெயர் 'நம்பலாமா?'. நம்ப முடியாத செய்தி ஒன்றை முகத்தில் ஒரு கோடும் அசையாமல் சொல்வார். அரங்கமே கையை உயர்த்தி, "நம்ப மாட்டோம்!" என்று முழங்கும். சொன்னது மெய்யாகவே இருந்தாலும் முழங்கும். அந்த முழக்கத்துக்காகவே அவர் வாழ்ந்தார் என்றால் அது மிகையல்ல.

பெரிய மனிதர்களுக்கு அஞ்சலி நிகழ்ச்சியை முன்கூட்டியே எடுத்து வைப்பது தொலைக்காட்சி நிலையங்களின் வழக்கம். தம்முடையதைத் தாமே வழங்குவேன் என்று அடம்பிடித்தவர் பம்பரம் ஒருவரே. "என் சாவை எவனாவது சொதப்பிடுவான்" என்றார். மூன்றாண்டுகளுக்கு முன் அது படமாக்கப்பட்டது. நீலக் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தவள் மகள்தான். அன்று அவளும் சிரித்தாள்.

இன்று அவள் தேக்கரண்டியை வைத்துவிட்டுக் கூடத்துக்கு ஓடினாள். அண்ணன் அங்கே நின்றிருந்தான். அவனிடம் அவள் மன்றாடி முடிப்பதற்குள் அரை மணி கடந்து, தெருவில் கூட்டம் சேர்ந்துவிட்டது. நிலையத்தின் தயாரிப்பு மேலாளர் கைபேசியோடு வாசலைக் கடந்து உள்ளே வந்துகொண்டிருந்தார், பின்னால் ஒளிப்பதிவாளர்.

"டாக்டர் விடியிறவரைக்கும் தாங்காதுன்னாருன்னு நீங்கதானே சார் சொன்னீங்க? அதை நம்பித்தானே பத்து மணிக்குப் போட்டோம்?" என்றார் மேலாளர்.

"சொன்னேன். தாங்கிட்டாரு. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?" என்றான் அண்ணன்.

மகள் மேலாளரை மறித்து நின்றாள். "தப்பாப் போயிடுச்சுன்னு சொல்லி நிறுத்துங்க சார். மன்னிப்புக் கேளுங்க."

"எப்படிம்மா நிறுத்துறது? வாசல்ல பாருங்க. வேலையைப் போட்டுட்டு வந்து அழுறாங்க. அவங்ககிட்ட போய், கொஞ்சம் பொறுங்க, இன்னும் ஆகலைன்னா செருப்பால அடிப்பாங்க."

"அஞ்சு மணிக்கு ஊர்வலம்னு சொல்லியாச்சு," என்றான் அண்ணன், யாரையும் பார்க்காமல்.

மேலாளர் அவளைத் தாண்டி அறைக்குள் போனார். கட்டிலோரம் குனிந்தார். இருபத்திரண்டு ஆண்டுப் பழக்கம்; கலைந்திருந்த தலைமுடியை ஒதுக்கிவிட்டார். ஒதுக்கிக்கொண்டேதான் கேட்டார்.

"அண்ணே, ஒரே ஒரு ஷாட். ரெண்டு நிமிஷம் அசையாம இருந்தீங்கன்னா போதும்."

"க்ளோசப் ஷாட்டா, வைட் ஷாட்டா?"

"வைட்தான்ணே, தூரத்துலேர்ந்து."

"வயிறு ஏறி இறங்குறது தெரியும். போர்வையை நாலா மடிச்சுப் போடு."

"அப்பா, வேணாம்ப்பா!" என்று கத்தினாள் மகள்.

"ரெண்டு நிமிஷந்தானே பாப்பா. நீ கால்மாட்டுல உக்காந்து அழு. நிஜமாவே அழு, நடிக்காத. உனக்கு நடிப்பு வராது."

அவர் செத்தார். இரண்டு நிமிடம் செத்தார். நாற்பது நாளாக நொடிக்கொரு தரம் கிழித்துக்கொண்டு வந்த இருமல் எங்கோ அடங்கிக் கிடந்தது. இமை துடிக்கவில்லை. மகள் போர்வையையே பார்த்தாள். அது அசையாதா என்று ஏங்கினாள், அசைந்துவிடுமோ என்று பயந்தாள். இரண்டும் ஒரே நேரத்தில்.

ஒளிப்பதிவாளர் தலையாட்டியதும் கண் திறந்தது.

"இன்னொன்னு எடுக்கணுமா?"

"வேணாம்ணே. பிரமாதம்."

அதன் பிறகு வந்தது இருமல். கைக்குட்டை சிவந்தது.

மகள் எழுந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. வாசற்கதவைத் திறந்து இரும்புக் கேட்டுவரை நடந்தாள். தெரு நெடுக மனிதத் தலைகள். கையில் பூவும் அவருடைய படமும் வைத்திருந்தார்கள். அவள் சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவள். கூட்டத்துக்குக் கேட்கும்படி பேசத் தெரிந்தவள்.

"எங்கப்பா சாகலை! உயிரோட இருக்காரு! இப்பகூட என்கிட்ட பேசினாரு!"

தெருவே அவள் பக்கம் திரும்பியது. பிறகு முன்வரிசையில் ஒரு பெண், கண்ணீர் வழிய, அன்பு வழிய, கையை உயர்த்தினாள்.

"நம்ப மாட்டோம்!"

பக்கத்திலிருந்தவர் உயர்த்தினார். அடுத்த வரிசை உயர்த்தியது. ஆயிரம் கைகள், ஒரே குரல்: "நம்ப மாட்டோம்! நம்ப மாட்டோம்!" தலைவனின் மகள் தலைவனுக்குரிய முறையிலேயே விடைகொடுக்கிறாள் என்று நெகிழ்ந்து அழுதார்கள். அவள் "நிஜமாத்தாங்க, நிஜமாத்தாங்க" என்று கும்பிட்டாள். கும்பிடக் கும்பிட முழக்கம் வலுத்தது. ஒளிப்பதிவாளர் அதையும் எடுத்தார்.

அண்ணன் வந்து அவள் தோளைப் பிடித்து உள்ளே இழுத்தான். "குடும்ப மானத்தை வாங்காத. பேசாம உள்ள வா."

அறையில் பம்பரம் விழித்திருந்தார். காது கூர்மையாகத்தான் இருந்தது.

"எத்தனை பேர் இருப்பாங்க?"

"தெரு கொள்ளலைப்பா."

அவர் சிரித்தார். சிரிப்பு மெல்ல வடிந்தது.

"பாப்பா, இனிமே நான் எந்திரிச்சா அசிங்கமாயிடும்ல?"

இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். எழுந்திருங்கள், அத்தனை பேரையும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அவளால் வாயைத் திறக்க முடியவில்லை. கேட்டுக்கு வெளியே இன்னும் முழங்கிக்கொண்டிருந்தது.

அவர் பதிலுக்காகக் காத்திருந்தார். பிறகு, கேட்டதை மறந்துவிட்டவர்போல், சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் தண்ணீர் கொண்டு போனபோது உதட்டை இறுக்கிக்கொண்டார். எத்தனை முறை கொண்டு போனாலும் இறுக்கிக்கொண்டார்.

அரை மணிக்கொரு தரம் அண்ணன் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தான். "ஆச்சா?"

மூன்றரைக்கு மேலாளரும் எட்டிப் பார்த்தார். கேட்கவில்லை, கடிகாரத்தை மட்டும் பார்த்தார்.

நான்கு இருபதுக்கு ஆயிற்று. மகள் அழைத்தாள். வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து மூச்சுவிட்டார்கள். யாரும் அழவில்லை. கூடத்தில் உட்கார்ந்திருந்த உறவினர்கள் காலையிலேயே அழுது முடித்து, முகம் கழுவி, தேநீரும் குடித்திருந்தார்கள்.

மருத்துவர் வந்து, மேசையில் சான்றிதழ்த் தாளை விரித்தார். "நேரம்?"

"நாலு இருபது," என்றாள் மகள்.

"பத்துன்னு போடுங்க டாக்டர்," என்றான் அண்ணன். "ஆறு மணி நேரம் உயிரோட வச்சுக்கிட்டு ஊரை ஏமாத்தினோம்னு வரணுமா?"

"நாலு இருபது, டாக்டர். நான் பக்கத்துல இருந்தேன்."

மருத்துவர் பேனாவை எடுத்தவர் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. "என் வீட்டுலயே பத்து மணியிலேர்ந்து அழுதுட்டிருக்காங்கம்மா," என்று சொல்லிக்கொண்டே எழுதினார்.

சில நிமிடங்களில் சவப்பெட்டி வந்தது. தூக்குகிறவர்கள் நால்வர். ஒருவர் தலைமாட்டில் நின்று, பிணத்தின் அக்குளுக்குக் கீழே கைகொடுத்தவர், வெடுக்கென்று கையை எடுத்தார்.

"காலையில போனவர்னு சொன்னீங்க? உடம்பு இன்னும் சுடுதே?"

மேலாளர் காதில் மாட்டியிருந்த ஒலிக்கருவியைச் சரிசெய்துகொண்டார். அண்ணன் சன்னல் பக்கம் போனான். மருத்துவர் பையை மூடினார். மகள் தந்தையின் புறங்கையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

தூக்க வந்தவர் கேட்டது கூலிக்காரரின் வெற்றுக் கேள்வியன்று. நான்கு சுவருக்குள் அதற்கு விடை சொல்ல ஒருவரும் இல்லை. பத்து மணிக்கு அழுதவர்களே, கையை உயர்த்தியவர்களே, நீங்கள் எழுந்து விடை சொல்லுங்கள்.