ஒட்டடைக் கோலும் ஒரு விமானமும்

ஒட்டடைக் கோலால் ஒரு பார்சல் ட்ரோனை அடித்து வீழ்த்தினேன். எங்கள் மொட்டை மாடியில், பட்டப்பகலில், பக்கத்து வீட்டார் பார்க்க. போலீசுக்கும் நானே போன் செய்தேன்.

விமானங்களை அழிப்பதைத் தடுக்கும் சட்டத்தில் வழக்குப் போட்டார்கள். ஏழு ஆண்டு வரை கிடைக்கும்.

“என் தங்கச்சி ஒட்டடை அடிக்கச் சொன்னா முதுகு வலின்னு படுத்துக்குவீங்க,” என்றார் மச்சான், நீதிமன்ற வராந்தாவில். “இப்ப அதே கோலால விமானத்தையே அடிச்சிருக்கீங்க மாப்ள.” சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

வக்கீலம்மா கோப்பைப் புரட்டினார். “கவலைய விடுங்க. உள்ள ஆளே இல்லாம பறக்குறதெல்லாம் விமானமா? அதையே பிடிச்சுக்கிறேன். சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம்.”

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். கடிதம் இருந்தது.

பதினோரு மாதங்களுக்கு முன் அதே மாடியில் என் மனைவி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வாயில் இரண்டு கிளிப். அதே பார்சல் கம்பெனியின் ட்ரோன் அவள் தலையில் விழுந்தது. அங்கேயே உயிர் போனது. ஏன் விழுந்தது என்று கேட்டேன். விமான விபத்தென்றால் விசாரித்தே ஆக வேண்டும். ‘எங்கள் சாதனம் விமானம் அல்ல’ என்று கம்பெனி எழுதியது. விமானத் துறையும் ஆமாம் போட்டது. கோப்பை மூடிவிட்டார்கள்.

உள்ளே கம்பெனி வக்கீல் இருபது நிமிடம் பேசினார். ட்ரோனுக்குப் பதிவு எண் உண்டு, வான்வழி உண்டு, தரையில் உட்கார்ந்து ஓட்டும் விமானி உண்டு. அதை உடைத்தவன் விமானத்தை அழித்தவன்தான். நன்றாகவே பேசினார்.

வக்கீலம்மா எழுவதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

“அவர் சொல்றது சரிங்க ஐயா. அது விமானம்தான். உடைச்சது நான்தான்.”

“உங்களுக்கென்ன பைத்தியமா?” வக்கீலம்மா பல்லைக் கடித்தார்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். “ஒத்துக்கிட்டா ஜெயில். தெரியுமில்ல?”

“தெரியும். விமானம்னு பதிவு பண்ணச் சொல்லுங்க.” கடிதத்தை நீட்டினேன். “இது அவங்க எழுதினது. என் மனைவி மேல விழுந்தப்ப அது விமானம் இல்லையாம். என் கோல் பட்டதும் ஆயிடுச்சு.”

அவர் இரண்டு முறை படித்தார்.

கம்பெனி வக்கீல் துள்ளி எழுந்தார். “ஐயா, நான் பேசினதுல ஒரு சின்னத் திருத்தம்...”

“உக்காருங்க. இருபது நிமிஷம் கேட்டாச்சு.” நீதிபதி தட்டச்சரைப் பார்த்தார். “ட்ரோனும் விமானமே. ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்டாங்க. அடிங்க. நகல் விமானத் துறைக்குப் போகட்டும். பழைய கோப்பைத் திறந்து விசாரிக்கணும்.”

‘விமானமே’. நான்கு எழுத்து. அடித்து முடிக்கும் வரை தட்டச்சரின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு இரண்டு ஆண்டு.

போலீஸ் வேன் வரை மச்சான் கூடவே வந்தார். கண் சிவந்திருந்தது. “இப்படியா மாப்ள பண்ணுவீங்க?”

“விசாரணைத் தேதி வந்தா சொல்லுங்க மச்சான்,” என்றேன். “விலங்கோடயே வந்து சாட்சி சொல்றேன்.”