இருபதாம் கட்டுத்தறிக்காரர்

1

இல்லாத ஒரு மனிதரை இந்த உலகத்துக்குக் கொண்டுவரப் பண்ணைக்காரர் வெர்னருக்கு ஆன செலவு மூவாயிரத்து அறுநூறு குரோனர். எனக்கு அதே வேலைக்கு ஒரு கோப்பை காபியும் பாதி பென்சிலும் போதும். ஆனாலும் அவர் செய்த ஆள், நான் செய்யும் ஆட்களைவிட உறுதியாக நின்றான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். [என் ஆட்கள் பெரும்பாலும் இரண்டாம் பக்கத்திலேயே மூச்சு வாங்குவார்கள்.]

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, வாங்கியது. மாட்டுத் தரகர் வீட்டில் பிறந்தவன் நான். ஓசியில் வந்த சரக்கைப் பல்லைப் பிடித்துப் பார்க்க முடியாது என்பது எனக்குத் தெரியும். என்ன விலைக்கு வாங்கினேன் என்பது ஐந்தாம் பகுதியில் வரும்.

2

முதல் தொடக்கம்: "அக்டோபர் மழை, ஜட்லாண்டின் அறுவடை முடிந்த வயல்கள்மேல் சாம்பல் நிறத்தில்..."

வேண்டாம். மழையைக் கடைவாசலில் பரப்பி வைத்தால் வாசகர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

இரண்டாவது தொடக்கம்: "மாடுகளை விற்ற பிறகு வெர்னரின் தொழுவத்தில் மிஞ்சியவை அவற்றின் பெயர்கள்தான்."

இது பரவாயில்லை. உண்மையும்கூட. ஒவ்வொரு கட்டுத்தறிக்கு மேலும் ஒரு சின்னக் கரும்பலகை, அதில் சாக்கட்டியில் எழுதிய பெயர். மூன்று வருடமாகியும் அவர் அழிக்கவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க என் பைக் 'ரோசா'வுக்குக் கீழேதான் வாடகைக்கு நின்றது. ஆனால் இப்படியே விட்டால் கதை கண்ணைக் கசக்க ஆரம்பித்துவிடும். நேராகப் பேரத்துக்குப் போவோம்.

3

வெர்னரின் மனைவி ரூத்துக்கு முழங்கால் போய்விட்டது. முப்பத்தைந்து வருடம் பால் கறந்த முழங்கால். அந்த வீட்டில் குளியலறை மாடியில், படிகள் பதினான்கு. வீபோர் நகரத்தில் தரைத்தள வீடு ஒன்று மே மாதம் காலியாகப் போகிறது, பண்ணையை விற்றுவிட்டு அங்கே போய்விடலாம் என்றார் ரூத்.

"அங்க போனா நான் ஜன்னல் ஓரத்துப் பூந்தொட்டிதான்," என்றார் வெர்னர்.

"காலித் தொழுவத்துக்கு வரி கட்டிக்கிட்டு இங்கயே உக்காந்திருக்கணுமா?"

"பைக் நிறுத்த வாடகைக்கு விடறேன் ரூத். பனிக்காக ரோட்டுல உப்பக் கொட்டினப்புறம் எவன் பைக்க வெளிய எடுக்கிறான்? இடத்துக்கு அலையறானுங்க."

"எத்தன வரும்?"

"பத்து."

"முப்பது." ரூத் அவர் உள்ளங்கையில் அறைந்தார். எங்கள் மாட்டுச் சந்தையில் சொல்லும் ஒவ்வொரு விலைக்கும் ஓர் அறை உண்டு. கடைசி அறைக்குப் பிறகு பேச்சு மாறக் கூடாது.

"இருக்கிறதே இருபது கட்டுத்தறி. மடியிலயா நிறுத்தறது?" அறை.

"அப்ப இருபது. நவம்பர் ஒண்ணுக்குள்ள, முழு வாடகையும் என் கையில. ஒண்ணு குறைஞ்சாலும் வீபோர்."

அறை. முடிந்தது.

[இந்தக் காட்சியில் நான் இல்லை. இருவரும் தனித்தனியாக எனக்கு நடித்துக் காட்டினார்கள். யார் நடித்தாலும் கை சிவந்தது அடுத்தவருக்குத்தான்.]

4

அக்டோபர் முப்பத்தொன்றாம் தேதி காலையில் பத்தொன்பது பைக் நின்றது.

ரூத் தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தார். வெர்னர் காரில் டிரெய்லரை மாட்டிக்கொண்டு பழைய இரும்புக் கடைக்குப் போய், ஓடாத ஒரு பைக்கை இரண்டாயிரத்து எழுநூறுக்கு வாங்கிவந்து 'டாக்மார்' என்ற பலகைக்குக் கீழே நிறுத்தினார். ரூத் திரும்பியதும் வாடகை தொள்ளாயிரத்தை அவர் கையில் வைத்தார்.

"யாரு?"

"ஹோல்கர். ஹோல்கர் லுண்ட்."

"எந்த ஊரு?"

"கடற்கழிக்கு அந்தப் பக்கம்."

"அந்தப் பக்கம் ஸ்வீடன்கூட இருக்கு. கல்யாணமானவனா?"

"மனைவி தவறிட்டாங்க, பாவம். நீ பிளாஸ்க்ல வச்சிட்டுப் போன காபியக் குடுத்தேன். இப்படி ஒரு காபி குடிச்சதே இல்லன்னான்."

ரூத் நோட்டில் எழுதிக்கொண்டார்.

இங்கே நிறுத்தி ஒரு வார்த்தை. எழுதுகிறவர்கள் செய்யும் தவறையே வெர்னரும் செய்தார்: கேட்டதற்குமேல் ஒன்று சொன்னார். காபியை யாரும் கேட்கவில்லை. ஆனால் அந்தக் காபியைக் குடித்த பிறகுதான் ஹோல்கருக்குக் கைகால் முளைத்தது.

கிறிஸ்துமஸுக்கு ரூத் இருபது பேருக்கும் வாழ்த்து அட்டை எழுதினார். ஹோல்கரின் அட்டையை மட்டும், "விலாசம் உனக்குத்தான தெரியும்," என்று வெர்னரிடம் கொடுத்தார். இருபது பேரில் பதில் எழுதியவன் ஹோல்கர் ஒருவன்தான். [நான் எழுதவில்லை. வெட்கம்தான்.]

ஜனவரியிலிருந்து ஹோல்கருக்கு பில் போக ஆரம்பித்தது. பேட்டரிக்கு ஒன்று, எலிக்கு ஒன்று, தாமதத்துக்கு ஒன்று. "உன் சிநேகிதன்கிட்ட வாங்கிட்டு வா," என்பார் ரூத். பில் கட்டுவதற்காக வெர்னர் சுருட்டை நிறுத்தினார். மார்ச்சில் மீன்பிடிப் படகின் மோட்டாரை விற்றார்.

5

ஏப்ரல் கடைசியில் வெர்னர் என்னைத் தேடி வந்தார். மே ஒன்றாம் தேதி எல்லாரும் பைக்கை எடுக்க வருவார்கள். ஹோல்கர் எப்படி வருவான்?

"ஏம்ப்பா, நீ கதை எழுதற ஆளு. ஒருத்தன ஒழிச்சுக்கட்டணும்னா என்ன செய்வீங்க?"

நடந்ததைக் கேட்டேன். சரக்கு நல்ல சரக்கு. முடிவு தருகிறேன், பதிலுக்குக் கதை என்னுடையது என்றேன்.

"அஞ்சு முடிவு வேணும்." என் கையில் ஓர் அறை.

"ரெண்டு." அறை.

மூன்றில் படிந்தது.

(அ) ஹோல்கர் இறந்துவிடுகிறான். "கேக் செஞ்சு எடுத்துக்கிட்டு அடக்கத்துக்குக் கிளம்பிடுவா. எந்தத் தேவாலயம்னு சொல்றது?" என்றார் வெர்னர்.

(ஆ) பைக்கை வெர்னருக்கே விற்றுவிட்டு ஹோல்கர் ஸ்பெயினில் குடியேறுகிறான். "ரசீது கேப்பா. அப்புறம் அவனுக்கு அங்க வெயில் ஒத்துக்குதான்னு கேப்பா."

(இ) ரூத்திடம் உண்மையைச் சொல்வது.

வெர்னர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப பத்தொன்பது ஆயிடும். வீட்டையே விட்டுட்டுப் போகணும். இதுக்கா உனக்குக் கதையக் குடுத்தேன்?"

6

மே ஒன்று. தொழுவத்திலிருந்து ஒவ்வொரு பைக்காக உறுமிக்கொண்டு வெளியே போயிற்று. வெர்னர் கடைக்கோடியில் ஹோல்கரின் பைக்கை நாலாவது முறையாகத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் என் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தபோது ரூத் பக்கத்தில் வந்து நின்றார்.

"வெர்னர் உன்கிட்ட யோசனை கேக்க வந்தானா?"

விற்றவர் பெயரைத் தரகர் சொல்வதில்லை. நான் காற்றடித்தேன்.

"சொல்ல வேணாம். எனக்கு முதல் நாளே தெரியும். அன்னிக்கு நான் பிளாஸ்க்ல காபியே வைக்கல."

பம்பை நிறுத்திவிட்டேன். "அப்புறம் எதுக்கு அத்தன பில்லு அனுப்பினீங்க?"

"பொய் சொல்றவனுக்குச் செலவாகணும்ல." கடைக்கோடியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "முப்பத்தெட்டு வருஷமா என் காபியக் குடிக்கிறான். நல்லாருக்குன்னு ஒரு நாள் சொன்னதில்ல. ஹோல்கர் பேரைச் சொல்லித்தான் அவனுக்கு வாய் வந்துச்சு. கிறிஸ்துமஸ் பதில் அட்டையில என்ன எழுதியிருந்தான் தெரியுமா? 'உங்க வீட்ட விட்டுப் போக எனக்கு மனசே வரல'ன்னு. உள்ள காலே வைக்காதவன் எழுதறான்."

அவர் கையில் ஓர் உறை இருந்தது.

"ஹோல்கர் காசு. நான் தொடல. வீபோர் வீட்டுக்கு முன்பணம் நாலாயிரம். இங்க கீழயே குளியலறை கட்டித்தர கொத்தனார் கேக்கிற முன்பணமும் நாலாயிரம். ரெண்டு பேரும் மூணு மணிக்குள்ள பதில் கேக்கறாங்க. பத்தொன்பதுதான்னு நான் சொல்லிட்டா அவனால மறுபேச்சு பேச முடியாது. சொல்லாம விட்டா இன்னும் எத்தன மாசம் அந்தப் படியோ, என் முழங்காலுக்குத்தான் தெரியும். நீதான் முடிவு எழுதறவனாச்சே. சொல்லு."

மூன்று முடிவு விற்றவனிடம் நாலாவது இல்லை. அந்தப் பதினான்கு படிகளை ஏறப்போவதும் நான் இல்லை. "வாசகரைக் கேட்டுச் சொல்றேன்," என்றேன்.

"சீக்கிரம் கேளு," என்று ரூத் நோட்டையும் பென்சிலையும் என் பைக்கின் இருக்கைமேல் வைத்தார். திறந்திருந்த பக்கத்தை அப்படியே கீழே தருகிறேன். அடைப்புக்குறிக்குள் இருப்பது மட்டும் என்னுடையது. இப்போது மணி இரண்டே முக்கால்.

7

ஹோல்கர் லுண்ட், கட்டுத்தறி 20

வாடகை: 900
பேட்டரி சார்ஜ்: 600 [அந்த பைக்கில் பேட்டரியே கிடையாது]
எலிப்பொறி: 350
டயர் அழுந்தாமல் மாதாமாதம் நகர்த்திவைத்த கூலி: 1,250 [நகர்த்தியவர் வெர்னர்]
தாமதக் கட்டணம்: 1,000
தபால்தலை: 50
மொத்த வரவு: 4,150

செலவு, முன்பணம்: 4,000
பெற்றுக்கொண்டவர்: ....................

கை இருப்பு: 150