பதினெட்டு டிகிரி இலையுதிர்காலம்

ஷார்ஜாவில் அக்டோபர் பிறந்ததும் பாலமுரளிக்கு முதியோர் நினைவு வந்துவிட்டது. அவன் தமிழ்ச் சங்கத்தின் நலப்பிரிவுச் செயலாளர். 'இலையுதிர்காலத்தில் முதியோர் பாதுகாப்பு' என்று எங்கிருந்தோ எடுத்துத் தமிழாக்கி, சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டான். ஈர இலைகளில் வழுக்கி விழாதீர்கள் என்பது முதல் அறிவுரை. அவர்கள் தெருவில் இருந்தவையோ இரண்டு பேரீச்சை மரங்கள்.

ஊருக்குச் சொன்னதை வீட்டிலும் செய்தான். கூடத்துக் கம்பளத்தைச் சுருட்டினான். குளியலறையில் கைப்பிடி வைத்தான். திருச்சியிலிருந்து வந்திருந்த அம்மா சுசீலாவுக்கு வழுக்காத காலுறை வாங்கினான், ஃப்ளூ ஊசியும் போட வைத்தான். எழுபது வயது சுசீலா கேட்டது வேறு.

"ஏசியக் கொஞ்சம் ஏத்தி வைடா. கை காலெல்லாம் விறைச்சுப் போவுது."

"பதினெட்டுல வச்சாத்தாம்மா எனக்குத் தூக்கம் வருது. நீ ஸ்வெட்டர் போட்டுக்க."

வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில். உள்ளே சுசீலா ஸ்வெட்டரும் மஃப்ளருமாக உட்கார்ந்து இருமினாள். இருமல் நிற்காமல் போகவே டாக்டர் ஷஹீராவிடம் கூட்டிப்போனான்.

"வீட்டுல ஏசி எத்தனையில ஓடுது?"

"சீசன் மாறுதில்ல டாக்டர், அதான்" என்றான் பாலமுரளி.

"பதினெட்டு" என்றாள் சுசீலா.

"மொதல்ல இருபத்தஞ்சுல வைங்க. அம்மாவுக்குக் கதகதப்பு வேணும்."

அன்று மாலையே பாலமுரளி ஹீட்டர் வாங்கி வந்து அம்மாவின் அறையில் வைத்தான். ஏசி பதினெட்டிலேயே ஓடியது.

"இதுக்கு ஏசியக் குறைச்சிருக்கலாமே?" என்றாள் மனைவி ஷ்ருதி.

"டாக்டர் கதகதப்புதானே கேட்டாங்க? குடுத்தாச்சு."

ஹீட்டர் சூட்டில் தொண்டை வறண்டு இருமல் கூடியது. சுசீலா வெள்ளிக்கிழமை வெயில் தாழ்ந்ததும் பால்கனியில் பாயை விரித்து, கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தாள். எலும்புக்குள் இதமாகச் சூடு இறங்கியது. பல நாளைக்குப் பிறகு இருமாமல் தூங்கினாள்.

எதிர்க் கட்டடத்துப் பஞ்சவர்ணம் அதைப் படமெடுத்துச் சங்கத்துக் குழுவில் போட்டாள். "துணி காயப்போடற இடத்துல பெத்தவங்களக் காயப்போட்டிருக்கறது யாருங்க? நலப்பிரிவு கவனிக்கவும்."

நலப்பிரிவு கவனித்தது. கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தது.

"எந்திரிம்மா, மானம் போவுது."

"எனக்கு இருமல் போயிடுச்சுடா."

ஐந்தே நிமிடத்தில் ஏசி இருபத்தைந்துக்கு வந்தது. இருமலுக்கு இறங்காதவன் ஒரு படத்துக்கு இறங்கிவிட்டான். பனியனோடு வியர்த்து உட்கார்ந்து அடுத்த அறிவுரையை எழுதினான்: 'முதியோருக்கு ஏற்றது இருபத்தைந்து டிகிரி. என் வீட்டு அனுபவம்.' கை கூப்பிய படங்கள் குவிந்தன.

"பஞ்சவர்ணம்கூட அவரப் பாராட்டி எழுதியிருக்காங்க அத்தை" என்றாள் ஷ்ருதி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

சுசீலா மஃப்ளரை அவிழ்த்து மடித்தாள்.

"நல்லா எழுதட்டும். நீ அந்த ரிமோட்ட மட்டும் எங்கிட்ட குடு."