மஞ்சளுக்கு மருந்து

சிங்கப்பூரின் செம்பவாங் கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்த ரகுபதிக்குக் கல்லீரலில் புற்றுநோய். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். கூடவே வேலை பார்த்து, ஒரே அறையில் தங்கியிருந்த முத்துராமன், அவனை ஊரில் கொண்டுபோய்ச் சேர்க்க லீவு போட்டான்.

திருச்சி விமானத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு சாங்கி விமான நிலைய மருந்துக்கடைக்குள் நுழைந்தான் முத்துராமன். வாந்தி மாத்திரை, டிஷ்யூ, அவசரத்தில் அறையிலேயே விட்டுவந்த பிரஷ், பேஸ்ட். வாங்க வேண்டியது அவ்வளவுதான்.

ரகுபதி கடையிலிருந்த தமிழ்ப் பெண்ணைக் கையசைத்துக் கூப்பிட்டான்.

"கண்ணுல விடுற மருந்து இருக்காம்மா? இந்த மஞ்சள் போகணும்."

அவள் குனிந்து பார்த்தாள். முகம் மாறியதை அவளுக்கு மறைக்கத் தெரியவில்லை. "சிவப்பா இருந்தா டிராப்ஸ் இருக்கு அங்கிள். மஞ்சளுக்கு டாக்டரைத்தான் பாக்கணும்."

"ஒரு நாள் வெள்ளையா தெரிஞ்சா போதும்மா. வீட்டுல ஒண்ணும் தெரியாது. லீவுல வர்றேன்னு சொல்லி வச்சிருக்கேன்."

"சாரி அங்கிள்."

ரகுபதி சக்கரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். "நான் வரல மாப்ள. ரூமுக்கே போயிடலாம். இந்த மூஞ்சிய மங்களத்துக்கிட்ட எப்படிக் காட்டுவேன்?"

'எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிய வேண்டாம்ணே' என்று ரகுபதியின் மனைவி மங்களம் முத்துராமனிடம் சத்தியமே வாங்கியிருந்தாள். அவன் நாற்காலிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"அவளுக்குத் தெரியும்டா. உன்னை ஆஸ்பத்திரியில சேத்தப்பவே நான் சொல்லிட்டேன்."

ரகுபதி அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்புறம் எப்படிடா என்கூட அப்படிச் சிரிச்சுச் சிரிச்சுப் பேசினா?"

ரகுபதியின் தோள் குலுங்கத் தொடங்கியது. கடைக்குள் வந்த ஒரு சீன அம்மாள் திரும்பிப் பார்த்துவிட்டு மெல்ல விலகிப் போனார். கடைப் பெண் ஒரு டிஷ்யூப் பொட்டலத்தைப் பிரித்து அவன் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

அழுகை ஓய்ந்ததும் ரகுபதி போனை எடுத்தான். இத்தனை நாளும் ஏதேதோ சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்த வீடியோவைப் போட்டான்.

மங்களம் திரையில் வந்தாள்.

"கண்ணு ரொம்ப மஞ்சளா இருக்குடி" என்றான் அவன்.

"இருந்துட்டுப் போவுது. நீங்க வாங்க. நான் ஏர்போர்ட்டுக்கு வரலங்க. அத்தனை பேர் முன்னாடி அழுதுருவேன். நேரா வீட்டுக்கு வந்துருங்க."

"சரி" என்றான் ரகுபதி.

போனை அணைக்கத் தோன்றாமல் மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டான். அந்தப் பக்கம் மங்களம் வாய்விட்டு அழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. முத்துராமன் நாற்காலியை மெதுவாகத் தள்ளினான்.